ரத்தம் கொடுத்தவர்களுக்கு நன்றி சொல்லும் பொறுப்பு உங்களிடம் வந்தால்

உங்கள் ஊர் ரத்த தானக் குழுவில் ஏதோ ஒரு அண்ணன் உங்களைக் கூப்பிட்டு, "இனிமே பாராட்டு, சர்டிபிகேட், விழா இதெல்லாம் நீ பாத்துக்கோ" என்று சொல்லியிருப்பார். இந்தப் பொறுப்பு பெரும்பாலும் இப்படித்தான் வந்து சேரும். முகாம் நடத்துவதில் ஒரு பரபரப்பு உண்டு. நடுராத்திரியில் ஆள் பிடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதில் ஒரு கெத்து உண்டு. சான்றிதழில் பெயர் எழுதுவதில் என்ன இருக்கிறது என்று அதை மட்டும் இருப்பதிலேயே சின்னவர் தலையில் கட்டிவிடுவார்கள். என் தலையில் கட்டியபோது எனக்கு 17 வயது. நான் ரத்தம் கொடுக்கவே இன்னும் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். ஆனால் கொடுத்தவர்களுக்கெல்லாம் நன்றி சொல்ல வேண்டியவன் நான்.

அப்புறம் 9 வருடம் அந்த வேலையைப் பார்த்தேன், திருநெல்வேலிப் பக்கம். செய்த தப்புகள் நிறைய. புதிதாக வருபவர்கள் அதையெல்லாம் மறுபடியும் செய்ய வேண்டாமே என்றுதான் இதை எழுதுகிறேன். ஏரி தூர்வாருகிற குழு, மாலை வகுப்பு எடுக்கிற குழு என்று எந்தத் தன்னார்வக் குழுவுக்கும் இதில் பாதி பொருந்தும். ரத்த தானத்துக்கென்று சில தனிச் சிக்கல்கள் இருக்கின்றன. நான் அதிகம் நிற்கப் போவது அங்கேதான்.

ஒப்புக்கொள்ளும் முன்

மூன்று கேள்விகளைக் கேட்டுவிட்டுச் சரி சொல்லுங்கள். முதலாவது, யாரைப் பாராட்டுவது என்று முடிவு செய்வது யார்? "நீதான்" என்பார்கள். விழாவுக்கு முந்தின நாள் ராத்திரி "இந்த நாலு பேரையும் சேர்த்துக்கோ" என்று போன் வரும். அதனால் தனியாக முடிவு செய்யாதீர்கள். இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும், இன்னொருவர் குழுப் பொறுப்பில் இல்லாதவராக இருக்கட்டும். அந்த மூன்று பேர் கையெழுத்து இல்லாமல் பட்டியலில் பெயர் ஏறாது என்று முதல் கூட்டத்திலேயே சொல்லிவிட்டால், பிறகு யாரிடமும் முகம் முறிக்க வேண்டியிருக்காது.

இரண்டாவது, செலவுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது, ரசீது யாரிடம் போகிறது என்பது. உங்கள் கைப்பணத்தைப் போட்டுவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்காதீர்கள். மூன்றாவது, கொடையாளர் பட்டியல் எங்கே இருக்கிறது? பல குழுக்களில் அது ஒரே ஒருவருடைய போனில் மட்டும் இருக்கும். அவர் போனைத் தொலைத்தால் பல வருட உழைப்பும் சேர்ந்து தொலைந்துவிடும்.

முதல் வேலை நோட்டு

பொன்னாடை, ஷீல்டு, பிளெக்ஸ் எல்லாம் அப்புறம். முதலில் ஒரு நீளமான கணக்கு நோட்டு வாங்குங்கள். கணினியில் வைத்துக்கொள்வதானாலும் சரி. ஒருவருக்கு ஒரு வரி: பெயர், ரத்த வகை, போன் எண், கொடுத்த தேதி, எந்த ரத்த வங்கியில், முழு ரத்தமா தட்டணுக்களா (பிளேட்லெட்), முகாமிலா அவசரத்துக்கா. (2020இல் சட்ட விதிகளைத் திருத்தியபோது ரத்த வங்கி என்பதை ரத்த மையம் என்று மாற்றிவிட்டார்கள். ஊரில் இன்னும் பிளட் பேங்க்தான். நானும் பழக்கத்தை விடப்போவதில்லை.)

அவசரத்துக்குக் கொடுத்ததையும் எழுத வேண்டும் என்று ஏன் சொல்கிறேன் தெரியுமா? நான் எடுத்த முதல் விழாவில் முகாம் பதிவேட்டை மட்டும் பார்த்துப் பட்டியல் போட்டேன். 5 தடவை கொடுத்தவர்களையெல்லாம் மேடைக்குக் கூப்பிட்டோம். விழா நடந்த மண்டபத்துக்கு வெளியே வண்டிகளை ஒழுங்காக நிறுத்தச் சொல்லிக்கொண்டிருந்தவர் ஓர் ஆட்டோ ஓட்டுநர். அவர் 19 தடவை கொடுத்தவர். எல்லாமே ராத்திரி போன் வந்து, சவாரியை விட்டுவிட்டு நேராகப் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்க் கொடுத்தது. முகாம் பக்கம் அவர் வந்ததே இல்லை. அதனால் என் பட்டியலில் அவர் இல்லவே இல்லை. பிறகு போய் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லடே, ஊசி போட்ட கைக்குத் தெரியும்லா" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு ரொம்ப நாள் உறுத்தியது. மறுநாளே வேறு நோட்டு போட்டேன். முதல் வரி அவருக்கு.

பழைய கணக்கைச் சேர்க்கும்போது கொடையாளர் அட்டையையோ ரத்த வங்கி கொடுத்த சான்றிதழையோ காட்டச் சொல்லுங்கள். இல்லாதவர்களை விசாரணைக் கைதி மாதிரி கேள்வி கேட்காதீர்கள். "அண்ணாச்சி, எந்த வருசம், யாருக்காகப் போனீங்க?" என்று பேச்சுக்கொடுத்தால் அவராகவே ஞாபகப்படுத்திச் சொல்வார். சொன்னதைப் பென்சிலில் எழுதுங்கள். சான்று உள்ளதைப் பேனாவில் எழுதுங்கள். இந்தப் பென்சில் ஏற்பாடு எங்களுக்கு நிறையச் சண்டைகளை மிச்சப்படுத்தியது.

பெயரை அவர் எழுதுகிறபடியே எழுதுங்கள். முன்னெழுத்தைக் கேட்டே எழுதுங்கள். அப்பா பெயரின் முதல் எழுத்து என்று நாமாக முடிவு செய்துவிடுவோம். அம்மா பெயரை முன்னெழுத்தாக வைத்திருப்பவர்கள் உண்டு, இரண்டும் வைத்திருப்பவர்கள் உண்டு, ஒன்றும் வேண்டாம் என்பவர்களும் உண்டு. ரகரம் றகரம் மாறிய சான்றிதழை யாரும் வீட்டில் மாட்டிவைப்பதில்லை.

படுக்கையில் படுக்காதவர்கள்

ரத்தம் கொடுத்தவர் மட்டும்தான் தன்னார்வலர் என்று நினைத்தால் உங்கள் பட்டியல் பாதிதான் தேறும். ராத்திரி 2 மணிக்கு 30 பேருக்குப் போன் போட்டு 29 பேரிடம் "இல்லை" கேட்பவர் ஒருவர் இருப்பார். கொடையாளரைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு போய், முடிந்ததும் திரும்பக் கொண்டுவந்து விடுபவர் இருப்பார். முகாமில் பிஸ்கட், ஜூஸ் மேசையில் நின்று "பத்து நிமிசம் உக்காருங்க, உடனே எந்திரிக்காதீங்க" என்று எல்லாரையும் அதட்டும் அக்கா இருப்பார். கொடுத்த சூட்டில் எழுந்து, மயங்கி விழ இருந்த இரண்டு பையன்களை அந்த மாதிரி ஒரு அக்கா தாங்கிப் பிடித்ததை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னும் ஒரு வகை உண்டு. கொடுக்க வந்து, முடியாமல் திரும்பிப் போனவர்கள். 18 வயது ஆகியிருக்க வேண்டும், எடை 45 கிலோ இருக்க வேண்டும், ஹீமோகுளோபின் 12.5 இருக்க வேண்டும். அண்மையில் பச்சை குத்தியிருந்தால் ஒரு வருடம் கழித்துத்தான் வரச் சொல்வார்கள். இதில் எதிலாவது தட்டினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். குறிப்பாகப் பெண்கள். தேசியக் குடும்ப நல ஆய்வின் 2019–21 கணக்குப்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குள் இருக்கும் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள். வீட்டில் எல்லாரிடமும் சண்டை போட்டு அனுமதி வாங்கி, விடுப்பு எடுத்து, வரிசையில் நின்று, விரல் நுனியில் குத்திப் பார்த்து "ரத்தம் கம்மியா இருக்கும்மா" என்று அனுப்பப்படும் பெண், தோற்றுப்போன முகத்தோடுதான் வெளியே போவார். அந்த முகத்தை வாசலில் நின்று பார்க்க ஓர் ஆள் வேண்டும். அது உங்கள் வேலை. "வந்ததே பெரிசுக்கா, டாக்டரைப் பாத்துட்டு அடுத்த தடவை வாங்க" என்று சொல்லி, அவருக்கும் ஒரு டீ கொடுத்து, நோட்டில் அவர் வந்த தேதியையும் எழுதுங்கள். எங்கள் குழுவில் 4 தடவை இப்படித் திரும்பிப் போன ஒருவர், ஐந்தாவது தடவைக்குக் காத்திருக்கும்போதே தன் அலுவலகத்திலிருந்து 11 பேரைக் கூட்டி வந்துவிட்டார்.

எண்ணிக்கை என்னும் வம்பு

10, 25, 50 என்று தடவைக் கணக்கு வைத்துப் பாராட்டுவதுதான் எல்லா ஊரிலும் வழக்கம். எளிது, எல்லாருக்கும் புரியும். ஆனால் இதில் மூன்று ஓட்டைகள் இருக்கின்றன.

ஆண்கள் ஒருமுறை முழு ரத்தம் கொடுத்தபின் 90 நாள் கழித்துத்தான் மறுபடி கொடுக்கலாம். பெண்களுக்கு 120 நாள். ஒரு தடவைகூடத் தவறாமல் கொடுத்தாலும், 25 என்ற எண்ணைத் தொட ஆணுக்கு ஏறக்குறைய 6 வருடம், பெண்ணுக்கு ஏறக்குறைய 8 வருடம் ஆகும். நடுவில் கர்ப்பம், பிரசவம், தாய்ப்பால் கொடுக்கும் காலம் என்று இன்னும் தள்ளிப்போகும். இரண்டு பேருக்கும் ஒரே எண்ணை வைத்தால் மேடையில் வரிசையாக ஆண்கள் மட்டும்தான் நிற்பார்கள். எங்கள் மேடை 3 வருடம் அப்படித்தான் இருந்தது, எங்களுக்கு உறைக்கவே இல்லை. பிறகு தடவைக்குப் பதிலாக வருடத்தை எண்ண ஆரம்பித்தோம். "5 வருடமாக விடாமல் வருகிறவர்" என்றால் அதில் ஆணும் பெண்ணும் ஒன்றுதான்.

இரண்டாவது ஓட்டை ஆபத்தானது. ஒரு தடவை உற்சாகத்தில், "அடுத்த மாசம் விழாவுக்குள்ள 10 முடிக்கிறவங்களுக்கு மேடையில மரியாதை" என்று வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டேன். 9இல் நின்றிருந்த கல்லூரிப் பையன் ஒருவன், முந்தின தடவை கொடுத்து 50 நாள்தான் ஆகியிருந்தும், வேறொரு ரத்த வங்கிக்குப் போய்ப் படுக்கப் பார்த்தான். அங்கே கொடையாளர்களிடம் பேசும் ஆலோசகர் அவன் கையில் ஊசித் தழும்பைப் பார்த்துச் சந்தேகப்பட்டுக் கேட்டதால் தப்பித்தோம். அவன்மேல் கோபப்பட எனக்கு யோக்கியதை இல்லை. தூண்டிவிட்டது நான். பரிசுக்காகத் தேதியை மறைப்பவர், நாளைக்கு மஞ்சள் காமாலை வந்ததையும் மறைப்பார். அதனால் எந்த அறிவிப்பிலும் கெடு வைக்காதீர்கள். எண்ணிக்கை நிறைவது தற்செயலாக நடந்து, பிறகு நீங்கள் கண்டுபிடித்துச் சொல்வதாக இருக்கட்டும்.

மூன்றாவது, காலம். சிவப்பணுக்களைக் கெடாமல் காக்கும் சேர்மானக் கரைசலோடு வைத்தால் 42 நாள் தாங்கும். அது இல்லாத சாதாரணப் பையில் 35 நாள்தான். தட்டணுக்கள் 5 நாள். தலைவர் பிறந்தநாள் என்றோ, ரத்த தான நாளான அக்டோபர் 1 என்றோ ஒரே நாளில் 300 பேர் படுத்தால் படம் அழகாக இருக்கும். ஆனால் அக்டோபர் 1இல் எடுத்த தட்டணுக்களுக்கு அக்டோபர் 6ஆம் தேதியோடு ஆயுள் முடிந்தது. அந்த 300 பேரும் அடுத்த மூன்று நான்கு மாதத்துக்குக் கொடுக்க முடியாது. நடுவில்தான் மழைக்காலமும் டெங்கும் வரும். அதே மாதிரி ஏப்ரல், மே. கல்லூரி மூடிவிடும், பிள்ளைகள் ஊருக்குப் போய்விடுவார்கள், ரத்த வங்கி அலமாரி காலியாகும். ஆகவே பெரிய முகாமில் கொடுத்தவருக்கு ஒரு கைதட்டு என்றால், கத்திரி வெயிலில் வந்தவருக்கும் தீபாவளி வாரத்தில் வந்தவருக்கும் இரண்டு கைதட்டு. நாங்கள் இதற்கு "மே மாதத்துக்காரர்கள்" என்று ஒரு தனி வரிசையே வைத்தோம். இரண்டாவது வருடம் மே மாதத்தில் கொடுக்க ஆட்கள் தாங்களாகவே பெயர் சொல்லி வைத்தார்கள்.

என்ன கொடுப்பது, என்ன கொடுக்கக் கூடாது

பணம் கூடவே கூடாது. பணத்துக்கு ரத்தம் விற்பது இந்த நாட்டில் ரொம்ப காலம் நடந்தது. காமன் காஸ் என்ற அமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் கொடுத்த தீர்ப்புக்குப் பிறகு, 1998 ஜனவரி 1 முதல் அது தடை செய்யப்பட்டது. பணத்துக்காக வருபவர் தன் உடம்பைப் பற்றிய உண்மையைச் சொல்ல மாட்டார் என்பதுதான் அடிப்படைக் காரணம். தங்கக் காசு, பரிசுக் கூப்பன், செல்போன் ரீசார்ஜ் என்று கடைக்காரர்கள் யாராவது நல்ல மனதோடு தர முன்வருவார்கள். பணமாக மாறக்கூடிய எதுவும் பணம்தான், அதனால் மறுத்துவிடுங்கள். டீ, பிஸ்கட், சின்ன நினைவுப் பொருள், வந்துபோன பஸ் செலவு என்பவை உலகம் முழுக்க ஏற்றுக்கொள்ளப்பட்டவை. அதில் தப்பில்லை.

சின்ன நினைவுப் பொருள் என்றால் என் ஓட்டு எவர்சில்வர் டம்ளருக்குத்தான். கண்ணாடி ஷீல்டை ஒரு வருடம் அலமாரியில் வைப்பார்கள், அப்புறம் பரணுக்குப் போகும். பொன்னாடையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், அது மேடைக்கு மேடை கைமாறும். பாத்திரக்கடையில் டம்ளர் வாங்கினால் பெயர் வெட்டித் தருவார்கள். பெயரும், முதன்முதலில் கொடுத்த தேதியும் வெட்டச் சொல்லுங்கள். தினமும் காபி குடிப்பார், வீட்டுக்கு வருபவர் கேட்பார், கதை சொல்வார். ஒருமுறை கொஞ்சம் பணம் கூடுதலாக இருந்தபோது பத்தமடையில் சொல்லிச் சின்னக் கோரைப் பாயில் பெயர் நெய்து வாங்கினோம். அங்கே கல்யாணப் பாயில் மணமக்கள் பெயரை நெய்கிற வழக்கம் உண்டு. 20 வருடமாகக் கொடுத்துவந்த ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர் அதை வாங்கி விரித்துப் பார்த்துவிட்டு, "என் கல்யாணத்துக்குக்கூட இப்படிப் போடலையே" என்றார். உங்கள் ஊரில் என்ன இருக்கிறதோ அதைப் பாருங்கள்.

மறுநாள் போன்

வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் விழாவை விட மறுநாள் காலையில் போடும் போன் பெரிது. இரண்டே நிமிடம். "அண்ணாச்சி, நேத்து வந்ததுக்கு நன்றி. கை வலி, தலைசுத்தல் ஏதும் இருக்கா? நல்லாத் தண்ணி குடிங்க. இன்னைக்குக் கனமா எதையும் தூக்காதீங்க." அவ்வளவுதான். முதல் தடவை கொடுத்தவருக்கு இந்தப் போன் கட்டாயம். இரண்டாவது தடவை வருவதும் வராததும் அதில்தான் இருக்கிறது என்பது என் அனுபவம்.

"என் ரத்தம் யாருக்குப் போச்சு?" என்று கேட்பார்கள். சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. அதற்காக "தெரியாது" என்று வெட்டிவிடாதீர்கள். ஒரு யூனிட்டைச் சிவப்பணு, தட்டணு, பிளாஸ்மா என்று பிரித்தால் 3 பேர் வரைக்கும் உதவும் என்று விளக்குங்கள். "ஒருத்தருக்குன்னு நினைச்சேன், மூணு பேரா!" என்று குரல் மாறுவதை நீங்களே கேட்பீர்கள்.

90 நாள் முடிந்ததும், பெண்களுக்கு 120 நாள் முடிந்ததும், "இனி நீங்கள் கொடுக்கலாம்" என்று ஒரு குறுஞ்செய்தி. நோட்டில் தேதி இருந்தால் இது தானாக நடக்கும். வாட்ஸ்அப்பில் எல்லாருக்கும் ஒரே செய்தியை அனுப்பாதீர்கள். பெயர் சொல்லி அனுப்புங்கள்.

வீட்டையும் மறக்க வேண்டாம். "பிள்ளை ரத்தத்தை உறிஞ்சுறாங்க" என்று பயப்படும் அம்மாக்கள் இன்னும் இருக்கிறார்கள். கல்லூரிப் பிள்ளைகள் முதல்முறை கொடுத்ததும், அவர்கள் சம்மதித்தால், பெற்றோருக்கு ஒரு கடிதம் எழுதுவோம். தபாலில், கையெழுத்தில். ஒரு அம்மா அந்தக் கடிதத்தைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருப்பதாக அவர் மகள் சொன்னாள்.

சொல்லக் கூடாதவை

கொடுத்த ஒவ்வொரு யூனிட்டையும் எச்ஐவி, மஞ்சள் காமாலை பி, சி வகைகள், பால்வினை நோய், மலேரியா ஆகியவற்றுக்குச் சோதிப்பார்கள். ஏதாவது தெரிந்தால் ரத்த வங்கி அவரிடம் தனியாகப் பேசும். உங்களுக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. ஆகவே ஒழுங்காக வந்துகொண்டிருந்த ஒருவர் திடீரென்று நின்றுவிட்டால், "என்ன அண்ணே, ஆளையே காணோம்?" என்று குழுவில் கேட்காதீர்கள். விளையாட்டுக்குக்கூட வேண்டாம். சர்க்கரைக்கு மருந்து மாற்றியிருப்பார், குழந்தைக்கு முயற்சி செய்துகொண்டிருப்பார், எதுவோ. தனியாக ஒரு வரி: "இத்தனை வருடம் கொடுத்தீர்கள், நன்றி. முகாம் வேலைக்கு எப்போது வேண்டுமானாலும் வாருங்கள்." அவர் விரும்பினால் வேறு பொறுப்பில் தொடர்வார்.

பாராட்டுப் போஸ்டரில் போன் எண் போடக் கூடாது. பெண்களின் எண்ணை எங்கேயும் போடக் கூடாது. ரத்த வகையோடு எண்ணை வெளியிட்டதால் கண்ட நேரத்தில் கண்ட ஆட்கள் கூப்பிட்டு, வெறுத்துப்போய் குழுவை விட்டே போன பெண்களை எனக்குத் தெரியும். படம் போடுவதற்கும் முன்கூட்டியே கேளுங்கள். வேலைக்கு விடுப்பு போட்டுவிட்டு வந்தவர் படம் பேஸ்புக்கில் வந்தால் மறுநாள் மேலாளர் முன்னால் நிற்க வேண்டும். நோயாளியையும் கொடுத்தவரையும் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுக்கும் ஆசை எல்லாருக்கும் வரும். அதை அடக்கிக்கொள்ளுங்கள். வாங்கியவர் வாழ்நாள் முழுக்கக் கடன்பட்ட முகத்தோடு நிற்க வேண்டியதில்லை.

விழா

தேதியை முதலில் பார்ப்போம். ஜூன் 14 உலக ரத்த கொடையாளர் நாள். ரத்த வகைகளைக் கண்டுபிடித்த கார்ல் லேண்ட்ஸ்டெய்னர் பிறந்த நாள் அது. 2004 முதல் கொண்டாடுகிறார்கள். அக்டோபர் 1 நம் நாட்டின் தன்னார்வ ரத்த தான நாள், 1975 முதல். டிசம்பர் 5 ஐக்கிய நாடுகள் அவை 1985இல் அறிவித்த பன்னாட்டுத் தன்னார்வலர் நாள். நான் டிசம்பர் 5 அல்லது அதை ஒட்டிய ஞாயிற்றுக்கிழமையைத்தான் தேர்ந்தெடுப்பேன். மற்ற இரண்டு நாளும் ரத்த வங்கிக்காரர்கள் முகாமில் அலைந்துகொண்டிருப்பார்கள். அதோடு டிசம்பர் 5 என்றால் போன் போட்டவர், வண்டி ஓட்டியவர், டீ ஊற்றியவர் எல்லாருக்கும் பொது. முகூர்த்த நாள் இல்லையே என்று காலண்டரைப் பார்த்துவிடுங்கள். பாதிப் பேர் கல்யாண வீட்டில் இருப்பார்கள்.

சிறப்பு விருந்தினர் விஷயத்தில் என் அறிவுரை கசப்பானது: வேண்டாம். ஒரு வருடம் பெரிய மனிதர் ஒருவரை அழைத்தோம். 1 மணி 40 நிமிடம் தாமதமாக வந்தார். இரவு ஷிப்டுக்குப் போக வேண்டிய மில் தொழிலாளர்கள் 6 பேர் காத்திருந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். மேடையில் அவர்கள் பெயரை வாசித்தபோது காலி நாற்காலிதான் இருந்தது. பொன்னாடையெல்லாம் வந்தவருக்குப் போயிற்று. அடுத்த வருடத்திலிருந்து சான்றிதழைக் கொடுப்பவர் எங்கள் குழுவிலேயே மூத்த கொடையாளர் ஒருவர், அல்லது எப்போதோ ரத்தம் வாங்கிப் பிழைத்து, தானாக முன்வந்து பேச விரும்பிய ஒருவர். மேலிடத்து ஆள் இல்லாமல் முடியவே முடியாது என்று மூத்தவர்கள் பிடிவாதம் பிடித்தால், சொன்ன நேரத்துக்கு விழாவைத் தொடங்கிவிட்டு, அவர் வரும்போது வரட்டும் என்று எழுத்தில் ஒப்புக்கொள்ள வையுங்கள்.

முக்கால் மணி நேரத்துக்குள் முடியுங்கள். ஒவ்வொருவரையும் கூப்பிடும்போது அவர் செய்ததில் ஒன்றே ஒன்றைச் சொல்லுங்கள். "சமூக சேவகர், பண்பாளர்" என்ற வார்த்தைகள் யாருக்கும் பொருந்தும், அதனால் யாருக்கும் ஒட்டாது. "போன வருடம் வெள்ளத்தில் பஸ் ஓடாதபோது 7 கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து வந்தவர்" என்றால் அது அவருக்கு மட்டும்தான். இந்த ஒரு வரிக்காகத்தான் வருடம் முழுக்க நோட்டு. மேடையே பிடிக்காதவர்கள் இருப்பார்கள். அவர்களைக் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். டம்ளரை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தால் ஒரு காபியும் கிடைக்கும்.

எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒரு பெயர் விட்டுப்போகும். போகும் என்றே வைத்துக்கொண்டு, பெயர் எழுதாத சான்றிதழ்கள் நான்கைந்தும், நன்றாக எழுதும் பேனா ஒன்றும் கையில் வையுங்கள்.

வெளி விருதுகள்

உங்கள் குழுவில் யாரையாவது மேலே பரிந்துரைக்க வேண்டியதும் உங்கள் பொறுப்புதான். சுதந்திர தினத்தில் வழங்கும் முதலமைச்சரின் மாநில இளைஞர் விருதுக்கு 15 முதல் 35 வயதுக்குள் இருப்பவர்கள் விண்ணப்பிக்கலாம். மாவட்ட அளவிலும் குடியரசு நாள், சுதந்திர நாள் விழாக்களில் ஆட்சியர் நற்சான்றிதழ் கொடுப்பது உண்டு. கல்லூரி மாணவராக இருந்தால் நாட்டு நலப்பணித் திட்டத்திலும், எச்ஐவி விழிப்புணர்வுக்கான செஞ்சுருள் சங்கத்திலும் (ரெட் ரிப்பன் கிளப்) தனியாகப் பாராட்டு இருக்கும். விண்ணப்பத்தில் அடைமொழிகளைக் குறைத்துத் தேதி, எண்ணிக்கை, இடம் எழுதுங்கள். உங்கள் பெயரை நீங்களே எந்தப் பட்டியலிலும் சேர்க்காதீர்கள். இந்தப் பொறுப்பில் இருக்கும் வரை அது உங்களுக்குக் கிடையாது.

வயதில் பெரியவர்கள் சிலர் "நேத்து வந்த பொடியன் எங்களை எடை போடுறானா?" என்பார்கள். பதில் பேச வேண்டாம். நோட்டைத் திறந்து அவர் வரியைக் காட்டுங்கள். அவரே மறந்துபோன தேதி அதில் இருந்தால் அதோடு பேச்சு மாறிவிடும்.

அடுத்தவர் கையில்

இரண்டு மூன்று வருடத்தில் படிப்போ வேலையோ உங்களை வேறு ஊருக்குக் கொண்டுபோகும். போவதற்கு ஆறு மாதம் முன்பே ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். நோட்டை மட்டும் கொடுத்தால் போதாது. யாருக்குப் போன் பிடிக்காது, யார் பெயரில் எந்த றகரம், யார் மேடைக்கு வர மாட்டார் என்பதெல்லாம் உங்கள் தலையில் இருக்கும். அதை ஒரு நாள் உட்கார்ந்து சொல்லி எழுத வையுங்கள்.

எனக்கு 9 வருடம் கழித்துத்தான் அந்த வேளை வந்தது. என்னிடமிருந்து நோட்டை வாங்கிக்கொண்ட தங்கச்சிக்கு 18 வயது. வாங்கிப் போனவள் அன்றைக்கு ராத்திரியே போன் செய்தாள். ஏதோ சந்தேகம் கேட்கப் போகிறாள் என்று எடுத்தேன்.

"அண்ணே, உங்க பேருக்கு எதிர்ல கடைசித் தேதி போட்டு 14 மாசம் ஆகுதே. எப்ப வர்றீங்க?"